கேட்காமலே பில்லில் ஏறிய 1,299 ரூபாய்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

ராசிபுரம்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். இந்த விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் இல்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடித் தள்ளுபடியில் ஓர் ஆப்பில் வாஷிங் மெஷின் வாங்கினேன். விலை 16,490. பணம் கட்டிய பிறகு மெயிலில் வந்த பில்லில் 17,789 என்று இருந்தது. கீழே தனி வரியில் ‘கூடுதல் பாதுகாப்புத் திட்டம் 1,299’. நான் அதைக் கேட்கவே இல்லை. கட்டும் இடத்தில் ஏற்கெனவே டிக் போட்ட கட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் மெஷின் சுற்றும்போது கல் அரைக்கிற மாதிரி சத்தம். வந்த டெக்னீஷியன் டிரம்முக்குள் விரலைவிட்டுத் தேய்த்து, விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் காட்டினார். “உப்புத் தண்ணிங்கக்கா, பேரிங் போயிருச்சு. வாரண்டியில வராது.” ஜாப் ஷீட்டிலும் அதையே எழுதி என் கையெழுத்தைக் கேட்டார். பேரிங் மாற்ற 4,200. அப்போ அந்த 1,299 எதற்கு என்று கேட்டால், அது இரண்டாவது வருஷத்திலிருந்துதானாம். ஆப்பில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள், கம்பெனியில் கேட்டால் ஜாப் ஷீட்டைப் பாருங்கள் என்கிறார்கள்.

மாமியாருக்கு முட்டி வலி. இரண்டு பிள்ளைகளின் யூனிஃபார்மை நான்தான் வேலை முடிந்து வந்து ராத்திரி கல்லில் துவைக்கிறேன். கம்பெனி ஆபீஸ் பெங்களூரில். வழக்கு என்றால் அங்கேதான் போகணுமா? வக்கீல் கட்டாயமா? இந்தத் தொகைக்கு இதெல்லாம் தேவையா?

பழைய_ரசீது

அம்மா செல்வி, பெங்களூர் போக வேண்டாம். நாமக்கல் போதும்.

நான் சேலத்தில் ஒரு நுகர்வோர் சங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக மனு எழுதிக் கொடுக்கிறேன். 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எதிர்தரப்பு இருக்கும் ஊரில், அல்லது அவர்கள் கிளை உள்ள ஊரில், அல்லது பிரச்சினைக்கான காரணம் எழுந்த ஊரில்தான் புகார் கொடுக்க முடியும். ஆன்லைனில் வாங்கியவர்களை “காரணம் உங்கள் ஊரில் எழவில்லை” என்று சொல்லியே ஓடவிடுவார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 சட்டம் அந்தத் தலைவலியை ஒரே வரியில் தீர்த்துவிட்டது: புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்திலேயே சாமானியனுக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான்.

பொருளுக்குக் கட்டிய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் 1915-க்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், கட்டாயப்படுத்த அதிகாரம் கிடையாது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் பல அதற்கு பதில் சொல்கின்றன, சின்னத் தொகைகள் அங்கேயே முடிவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டீர்களா? நகல் கையில் இருக்கிறதா?

ராசிபுரம்_செல்வி

போட்டேன் ஐயா. மஞ்சள் நிற நகல் இருக்கிறது, கார்பன் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது.

பழைய_ரசீது

இன்றைக்கே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். மங்கிப்போன கார்பன் நகலால் தோற்றவர்களை எனக்குத் தெரியும்.

மேட்டுத்தெரு_முரளி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மனு கொடுப்பது சுலபம்தான். ஜெயித்த பிறகு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

திருச்சியில் வீட்டுக்கு அலமாரி, கட்டில் செய்துதர ஒரு கடையில் முன்பணம் கொடுத்தேன். பாதி வேலை வரவில்லை, வந்த பாதியும் ஆறு மாதத்தில் பலகை உப்பிப்போச்சு. நுகர்வோர் மன்றத்துக்கு மூன்று வருஷம் நடந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் சம்பளம் போனது. சில நாள் உறுப்பினர் இல்லை என்று தள்ளிவைப்பார்கள். 2018-ல் எனக்குச் சாதகமாக உத்தரவு: 62,000 திருப்பித் தரணும், மன உளைச்சலுக்கு 10,000. இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. உத்தரவை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டால் சட்டப் பிரிவில் ஏதோ சொல் சிக்கல் என்றார்கள், அத்தோடு விட்டுவிட்டேன். உத்தரவை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அக்கா, 4,200-ஐக் கொடுத்து மெஷினை ஓட்டுங்கள். உங்கள் முதுகு அதைவிடப் பெரிசு.

வைகைக்கரை_வக்கீல்

முரளி அண்ணே, அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்ன சொல் சிக்கல் எனக்குத் தெரியும்.

1986 சட்டத்துக்கு 2002-ல் கொண்டுவந்த திருத்தம் 2003 மார்ச் 15-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பழைய சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ‘இடைக்கால உத்தரவு’ என்றுதான் எழுதியிருந்தது. இறுதி உத்தரவை சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி நிறைவேற்றலாமா என்று அதை வைத்தே எதிர்தரப்பினர் இழுத்தடித்தார்கள். 2025 ஆகஸ்ட் 22-ல் பால்ம் குரோவ்ஸ் வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. 2003 மார்ச் முதல் 2020 ஜூலை வரையான காலத்துக்கு அந்தச் சொல்லை ‘எந்த உத்தரவும்’ என்று படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் 2018 உத்தரவு அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஆணையத்தில் போய்க் கேளுங்கள், உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள், காலக்கெடு முடியும் வரை காத்திருக்காதீர்கள்.

புதிய சட்டத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 71-ஆம் பிரிவில் சொத்தை ஜப்தி செய்யலாம். 72-ஆம் பிரிவில் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மாவட்டத்தில் தோற்ற கம்பெனி மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக, உத்தரவான தொகையில் பாதி அல்லது 25,000, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பத்து லட்சம் உத்தரவானாலும் 25,000 கட்டிவிட்டு வருஷக்கணக்கில் இழுக்கலாம். இப்போது பாதித் தொகையைக் கட்டியே ஆக வேண்டும். பொழுதுபோக்குக்கு அப்பீல் போவது இதனால் குறைந்திருக்கிறது, என் சீனியரே ஒப்புக்கொள்கிறார்.

காலதாமதம் பற்றி அண்ணன் சொன்னது உண்மை. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம். நடப்பது வேறு. ஆணையங்களில் காலியிடங்களை நிரப்புவதில் ஒவ்வொரு தடவையும் இழுபறி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே நிரந்தரமான ஓர் அமைப்பு ஏற்படுத்த முடியுமா என்று பார்க்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. நிரந்தரமான ஆள் வராமல் இந்தச் சட்டம் முழுசாக வேலை செய்யாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொத்தான்_வரைபவன்

நான் கோவையில் ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிறவன். செல்வி அக்கா சொன்ன அந்த டிக் பற்றி மட்டும் பேசுகிறேன், அது என் தொழில்.

2021-ல் நானே அப்படி ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன். டிக் இல்லாமல் ஒரு வாரம், டிக்கோடு ஒரு வாரம் என்று விட்டுப் பார்ப்போம். டிக் போட்ட வாரத்தில் அந்தத் திட்டம் பல மடங்கு விற்றது. வாங்கியவர்கள் யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்று மீட்டிங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எழுத்தைச் சாம்பல் நிறத்தில் சின்னதாகப் போடச் சொன்னார்கள், ‘பணம் செலுத்து’ பொத்தானை மட்டும் ஆரஞ்சில் பெரிதாக. ஊரில் இருக்கும் என் அம்மா அதே மாதிரி ஒரு கட்டத்தில் மாட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. டார்க் பேட்டர்ன் என்று 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் போடுவது அதில் ஒன்று. விமான டிக்கெட்டோடு தானாகவே பயணக் காப்பீடு சேருவதை எடுத்துக்காட்டாகவே கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்பவரை ‘நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தவைத்துக் கூச்சப்படுத்துவது, ‘இன்னும் 2 மட்டுமே மீதி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேருவதற்கு ஒரு தட்டலும் விலகுவதற்கு ஒன்பது தட்டலும் வைப்பது, கடைசித் திரையில் விலையைக் கூட்டுவது, எல்லாம் அதில் வருகிறது.

2025 ஜூனில் எல்லா இ-காமர்ஸ் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தல் வந்தது. எங்கள் ஆபீஸில் அன்றுதான் முதல்முறையாக சட்டப் பிரிவினர் வடிவமைப்பாளர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பதினேழு இடத்தில் மாற்றினோம். ஆனால் தணிக்கை செய்வதும் கம்பெனி, சான்று கொடுப்பதும் கம்பெனி என்றால் எத்தனை பேர் மனசாட்சியோடு செய்வார்கள்? வெளியிலிருந்து யாராவது பார்க்க வேண்டும்.

ராசிபுரம்_செல்வி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கோபமும் வந்தது, நன்றியும் வந்தது. ஆனால் நான் அன்றைக்கு அந்தத் திரையைப் படம் எடுக்கவில்லையே. நானே டிக் போட்டேன் என்று அவர்கள் சொன்னால்?

பொத்தான்_வரைபவன்

பில்லில் தனி வரியாக இருப்பதே முதல் சான்று. அடுத்து, அதே ஆப்பில் இன்னொரு மெஷினைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் இடம் வரை போய், முழுவதையும் திரைப் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம் தெரிய வேண்டும். டிக் இன்னும் தானாக விழுந்தால் உங்கள் புகாருக்கு அதுவே பலம். இன்றே செய்யுங்கள், மாற்றிவிடுவார்கள்.

ஈரோடு_கல்லாப்பெட்டி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

ஜவுளிக் கடை, அப்பா காலத்திலிருந்து. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று போர்டு வைத்திருந்தோம். சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு கல்லூரிப் பையன் வந்து சொன்னதும் எடுத்துவிட்டேன். அடுத்த மாதமே ஓர் அம்மா, கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு வந்த பட்டுப்புடவையைத் திருப்பித் தருகிறார்கள். முந்தியில் சந்தனக் கறை, மடிப்பில் மல்லிகைப்பூ வாசனை. இதற்கும் பணம் கொடுக்கணுமா? ஆன்லைன்காரர்கள் வருஷக்கணக்கில் எதை வேண்டுமானாலும் திருப்பி வாங்கிப் பழக்கிவிட்டார்கள். அந்தச் செலவை அவர்கள் தாங்குவார்கள், இரண்டு விற்பனைப் பெண்களை வைத்துக்கொண்டு நான் தாங்க முடியாது. சட்டம் எழுதுகிறவர்கள் சின்னக் கடையை நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

பழைய_ரசீது

உங்கள் வருத்தம் நியாயம், ஆனால் சட்டம் அந்தப் புடவையை வாங்கச் சொல்லவில்லை. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி வாங்க மறுப்பதைத்தான் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் எழுதியிருக்கும் காலத்துக்குள், எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள். கட்டிக்கொண்டு போய் வந்தது குறைபாடு ஆகாது. பில்லின் பின்பக்கம் உங்கள் விதியைத் தமிழில் தெளிவாக அச்சடியுங்கள், உங்களுக்கும் அது பாதுகாப்பு.

அப்புறம் பில் தர மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. உங்கள் கடையைச் சொல்லவில்லை. ஆனால் “பில் வேணும்னா ஜிஎஸ்டி ஆகும்” என்று சொல்லும் கடைகள் எத்தனை? பில் இல்லாமல் வருபவர்களுக்கு எங்கள் சங்கம் செய்ய முடிவது மிகக் குறைவு, அது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனை.

போன் நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்பர் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது.

அடையார்_சர்வர்

நான் சென்னையில் எட்டு வருஷம் ரெஸ்டாரண்டில் பரிமாறியவன். பில்லோடு சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் வந்த நெறிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் உறுதி செய்தது. வழக்குப் போட்ட இரண்டு உணவகச் சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் செலவுத் தொகை விதித்தது. வாடிக்கையாளருக்கு நல்லதுதான், நானும் ஏற்கிறேன். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பணம்தான் எங்களுக்கு மாதக் கடைசிச் செலவுக்கு. எல்லா இடத்திலும் தொழிலாளிக்குப் போனது என்று சொல்லமாட்டேன். பிடித்திருந்தால் டிப்ஸ் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. தட்டு எடுக்க வரும் பையனை நினைவில் வையுங்கள், அவ்வளவுதான்.

மேட்டுத்தெரு_முரளி

வக்கீல் தம்பிக்கு நன்றி. நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன், சான்றிட்ட நகலுக்கு மனு போடப் போகிறேன். கடை பெயர்ப் பலகை மாறிவிட்டது, ஆள் அதே ஆள்.

ஒரு சந்தேகம். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி என் மச்சானின் 7 லட்ச ரூபாய் பில்லை நிராகரித்துவிட்டது. அது மாவட்டமா, மாநிலமா?

வைகைக்கரை_வக்கீல்

மாவட்டம். புதிய சட்டத்தில் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து எல்லை பார்ப்பதில்லை, நீங்கள் கட்டிய தொகையை, அதாவது பிரீமியத்தை வைத்துத்தான். இது சரியில்லை என்று தொடுத்த வழக்கிலும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. சின்னப் பொருளால் பெரிய உயிர்ச்சேதம் நடந்தாலும் மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனால் மச்சானுக்கு இது சௌகரியம், ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்.

ராசிபுரம்_செல்வி

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

1915-ல் சொன்ன ஒன்பதாம் நாள் 1,299 திரும்ப வந்துவிட்டது. திரைப் பதிவை அனுப்பியிருந்தேன், டிக் அன்றைக்கும் தானாகத்தான் விழுந்தது. மெஷினைப் பற்றி மட்டும் பழைய பதிலே.

அப்புறம் கம்பெனிக்கும் ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கும் நோட்டீஸ் அனுப்பினேன். பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதாம், அதிலேயே பதிவோடு அனுப்பச் சொன்னார்கள். பதினைந்து நாள் பார்த்தேன். பதில் இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் மனு கொடுக்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் புகார் கொடுத்தேன். மூன்று ராத்திரி ஆனது. படங்களை எல்லாம் பிடிஎஃப் ஆக்குவதில்தான் பாதி நேரம், என் பெரிய மகன் செய்து கொடுத்தான். ‘நடந்த விவரம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், இங்கே முதலில் எழுதியதையே தேதி போட்டு எழுதினேன். வாரண்டி அட்டையை வரி வரியாகப் படித்தேன். உப்புத் தண்ணீருக்கு வாரண்டி கிடையாது என்று அதில் எங்கேயும் இல்லை. அந்தப் பக்கத்தையும் இணைத்தேன். கட்டணம் பூஜ்யம் என்று வந்தபோது நம்பவே முடியவில்லை.

ஆணையத்தின் நோட்டீஸ் போன ஐந்தாம் நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். அதுவரை என்னிடம் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. புகாரை வாபஸ் வாங்கினால் இலவசமாக பேரிங் மாற்றித் தருவார்களாம். ஒத்துக்கொள்ளலாமா?

வைகைக்கரை_வக்கீல்

போனில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் வேலை முடியட்டும். நீங்கள் எழுதியபடி பார்த்தால் வாரண்டி அட்டை உங்கள் பக்கம் இருக்கிறது, அதனால் மாற்றிய பாகத்துக்குப் புதிதாக ஒரு வருஷ வாரண்டியும் கேளுங்கள். சமரசம் செய்துகொள்வதென்றால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆணையமே இரு தரப்பின் சம்மதத்தோடு மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். அங்கே எழுதிப் பதிவானால் பிறகு அவர்கள் மாற ​முடியாது.

அவர்கள் பதில் மனுவுக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். அவசரம் அவர்களுக்குத்தான்.

பழைய_ரசீது

பிரமாண வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் அம்மா. எங்கள் சங்கத்தில் அப்படித்தான் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்கிறார்கள். மஞ்சள் நகலின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ராசிபுரம்_செல்வி

எழுத்தில் கேட்டேன். இன்று காலை மெயில் வந்திருக்கிறது: பேரிங், டிரம் இரண்டும் மாற்றித் தருகிறார்களாம், ஒரு வருஷ வாரண்டியோடு. டெக்னீஷியன் சனிக்கிழமை வருகிறார், முதல் விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு முதல் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன். முரளி அண்ணா, உங்கள் நகல் கிடைத்ததா?

மேட்டுத்தெரு_முரளி

கிடைத்ததம்மா. நிறைவேற்று மனு போட்டாச்சு. எண் விழுந்திருக்கிறது.